வந்துட்டுப் போச்சேன்னு விட்டுடாதீங்க

மெட்ரோவில் நின்னுக்கிட்டுக் கேக்கிறவங்க, ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கிறவங்க, எல்லாரும் ஒரு நிமிஷம் எனக்காக ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ரெண்டு விரலை எடுத்து, தாடைக்குக் கீழே, தொண்டை எலும்புக்குப் பக்கத்துல இருக்கிற பள்ளத்துல மெதுவா வையுங்க. ஒரு பக்கம் மட்டும். அழுத்தாதீங்க, தேய்க்காதீங்க. துடிக்குதா?

அதுதான் கரோட்டிட் தமனி. இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தம் போற பெரிய பாதை. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

இருபது, முப்பது வயசுல இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு தோணலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதனால முதல்ல எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன்.

ஷட்டர் இறங்கின மாதிரி

நான் அப்போ பெங்களூர்ல வேலையில இருந்தேன். அப்பா, அம்மா சென்னையில. அப்பாவுக்கு 63 வயசு. பிபி மாத்திரை சாப்பிடுறவர், முப்பது வருஷமா சிகரெட் பிடிச்சிட்டு அறுபது வயசுல விட்டவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில போன் பண்ணார். வழக்கமா அவர் பண்ண மாட்டார், அம்மாதான் பண்ணுவாங்க.

"பேப்பர் படிச்சிட்டு இருந்தேம்மா. திடீர்னு இடது கண்ணுல மேல இருந்து ஷட்டர் இறங்கின மாதிரி இருட்டாயிடுச்சு. அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் தானா வந்துடுச்சு."

"வலிச்சுதாப்பா?"

"இல்லம்மா, வலியே இல்ல. இப்போ நல்லாத்தான் தெரியுது."

எனக்கு இன்னும் பத்து நிமிஷத்துல ஒரு மீட்டிங். நான் சொன்ன பதில் அப்படியே ஞாபகம் இருக்கு. "அதான் சரியாயிடுச்சேப்பா. பவர் மாறியிருக்கும். கண்ணாடிக் கடைக்குப் போய் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க."

அவரும் போனார். புதுக் கண்ணாடி வாங்கினார். போட்டோ எடுத்து அனுப்பினார். நான் ஹார்ட் போட்டேன்.

சரியா ஒன்பது நாள் கழிச்சு, வியாழக்கிழமை சாயந்திரம் அம்மா கிட்ட இருந்து போன். "அப்பா கையில இருந்து டம்ளர் விழுந்துடுச்சுடி. வலது கை தூக்க வரல. பேசினா குழறுது." பின்னால அப்பா ஏதோ சொல்றது கேட்டுச்சு. வார்த்தை எதுவும் புரியல. சுகர் இறங்கியிருக்கும்னு நினைச்சு அம்மா சர்க்கரைத் தண்ணி கொடுத்திருக்காங்க, அது புரையேறி ஒரே இருமல். பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்ததால ஒரு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போயிட்டாங்க.

அங்க டாக்டர் போனை ஸ்பீக்கர்ல போட்டு எங்க மூணு பேர்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டார். "கடைசி ஒரு மாசத்துல ஏதாவது வந்துட்டுத் தானா சரியாப் போச்சா? கை மரத்துப்போறது, பேச்சு தடுமாறுறது, ஒரு கண்ணு மட்டும் தெரியாமப் போறது?"

அம்மாவுக்குக் கண்ணு விஷயமே தெரியாது. பயப்படுவாங்கன்னு அப்பா சொல்லல. அப்பாவால அப்போ பேச முடியல. தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். சொன்னேன். அவர் ரெண்டு செகண்ட் பேசாம இருந்துட்டு, "எந்தக் கண்ணு?"ன்னு கேட்டார். இடதுன்னேன். "சரி, கழுத்தை ஸ்கேன் பண்ணிடுவோம்"னார்.

கண்ணு தெரியாமப் போனதுக்கும், கை வராமப் போனதுக்கும், கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? அன்னைக்கு ராத்திரி பஸ்ல சென்னைக்கு வரும்போது எனக்கு அது ஒண்ணும் புரியல. புரிஞ்சுக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. உங்களுக்கு இப்பவே சொல்றேன்.

கழுத்துல ஒரு கவட்டை

இதயத்துப் பக்கத்திலிருந்து மேலே வரும் கரோட்டிட் தமனி, நீங்க விரல் வெச்ச இடத்துக்கிட்ட ரெண்டாகப் பிரியும். கவட்டை மாதிரி. ஒரு கிளை முகத்துக்கும் தலைத் தோலுக்கும் போகும். இன்னொன்று, உட்புறக் கரோட்டிட், மண்டை ஓட்டுக்குள்ளே நுழைந்து மூளைக்குப் போகும். போகிற வழியில் அதே பக்கத்துக் கண்ணுக்கும் ஒரு கிளை கொடுக்கும்.

இந்தப் பிரிகிற இடத்தில் ரத்தம் நேராக ஓடாமல் சுழித்து ஓடும். அப்படிச் சுழிக்கிற இடத்தில்தான் ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். உயர் ரத்த அழுத்தம், சிகரெட், சர்க்கரை நோய், எல்.டி.எல் கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்து அந்தப் படிவை வருஷக்கணக்கில் வளர்க்கும். மாரடைப்புக்குப் பின்னால் இருக்கிற அதே கதைதான், இடம் மட்டும் வேற.

இங்க பெரும்பாலானவங்க ஒண்ணைத் தப்பா நினைக்கிறோம். குழாய் அடைச்சா தண்ணி வராது, அதே மாதிரி தமனி சுருங்கினா மூளைக்கு ரத்தம் குறைஞ்சு ஸ்ட்ரோக் வருதுன்னு நினைக்கிறோம். சில சமயம் அப்படியும் நடக்கும். ஆனால் மூளைக்கு மொத்தம் நாலு பாதை இருக்கு. முன்னால ரெண்டு கரோட்டிட், பின்னால முதுகெலும்பை ஒட்டி ரெண்டு. இந்த நாலையும் மூளையின் அடியில் ஒரு வளையம் இணைக்குது. 1664-ல் வெளிவந்த தன்னுடைய மூளை உடற்கூறு நூலில் இதை விவரிச்ச தாமஸ் வில்லிஸ்ங்கிற ஆங்கில டாக்டர் பேரால, இன்னைக்கும் அதுக்கு 'வில்லிஸ் வளையம்'னு பேர். ஒரு பாதை மெதுவா அடைபட்டா மத்த பாதைகள் ஓரளவு ஈடுகட்டும். அதனாலதான் ஒரு கரோட்டிட் முழுசா அடைச்சும் எந்த அறிகுறியும் இல்லாம நடமாடுறவங்க இருக்காங்க.

பெரிய ஆபத்து வேற. அந்தப் படிவின் மேல்தோல் வெடிக்கும். வெடிச்ச இடத்தில் ரத்தம் உறையும். அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து ரத்த ஓட்டத்தோடு மேலே போகும். அந்தத் துணுக்கு எங்கே போய்ச் சிக்குதோ, அந்த இடத்தோட வேலை நின்னு போகும். கண்ணுக்குப் போற கிளையில சிக்கினா கண்ணு இருட்டாகும். மூளைக்குப் போனா கை, கால், பேச்சு.

துணுக்கு சின்னதா இருந்தா தானாகவே கரைஞ்சோ நகர்ந்தோ போயிடும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷத்துல எல்லாம் பழையபடி ஆயிடும். இதை மருத்துவத்துல டி.ஐ.ஏ.ன்னு சொல்றாங்க, பேச்சுவழக்குல மினி ஸ்ட்ரோக். ஆனா துணுக்கை அனுப்பின படிவு கழுத்துல அப்படியேதான் இருக்கு. அடுத்த துணுக்கு சின்னதா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

மூளையின் இடது பாதி, உடம்பின் வலது பாதியை இயக்குது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடது மூளையில்தான். ஆனால் கண்ணுக்குப் போற கிளை அதே பக்கத்துக் கண்ணுக்குத்தான் போகும். இப்போ எங்க அப்பாவைப் பாருங்க. இடது கண், வலது கை, பேச்சு. மூணும் ஒரே இடத்தைக் காட்டுது: இடது கழுத்து.

எதிர்ப்பக்கத்துக் கண்

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் சி. மில்லர் ஃபிஷர். கனடாவில் மான்ட்ரியல்ல வேலை பார்த்த நரம்பியல் டாக்டர். 1950 வாக்கில் ஸ்ட்ரோக் வந்து இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை பண்ணும்போது மண்டையைத் திறந்து மூளையைப் பார்ப்பாங்க, ஆனா கழுத்துத் தமனிகளைப் பொதுவா யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. தலைக்குள்ள வந்த நோய்க்குக் காரணமும் தலைக்குள்ளதான் இருக்கணும்னு ஒரு நினைப்பு.

ஃபிஷர்கிட்ட ஸ்ட்ரோக் வந்த ஒருத்தர், அதுக்கு முன்னாடி தனக்கு ஒரு கண்ணுல பார்வை அப்பப்போ போயிட்டுப் போயிட்டு வந்ததுன்னு சொன்னார். அந்தக் கண்ணு, செயலிழந்த கை கால் இருக்கிற பக்கத்துல இல்ல, எதிர்ப்பக்கத்துல இருந்துச்சு. வேற யாராவது இருந்திருந்தா, நோயாளி குழம்பிப் பேசுறார்னு விட்டிருக்கலாம். ஃபிஷர் விடல. ஒரு பக்கக் கண்ணுக்கும், எதிர்ப்பக்கக் கைகாலை இயக்குற மூளைக்கும் பொதுவான ரத்தக்குழாய் எது? கரோட்டிட். கழுத்துகளைப் பிரிச்சுப் பார்க்க ஆரம்பிச்சார். 1951-ல் அவர் எழுதின கட்டுரை, ஸ்ட்ரோக்குக்கான காரணத்தைக் கழுத்துலயும் தேடணும்னு உலகத்துக்குச் சொல்லிச்சு.

1954 மே மாசம், லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில், இப்படித் திரும்பத் திரும்ப வந்து போற தாக்குதல்களால அவதிப்பட்ட 66 வயசுப் பெண் ஒருத்தருக்குக் கழுத்துத் தமனியில ஆபரேஷன் பண்ணாங்க. அவருக்கு அதுக்கு முன்னாடி 33 தடவை வந்து போயிருந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் அது நின்னுச்சு. அந்தச் செய்தி வெளிவந்த பிறகுதான் இந்தச் சிகிச்சை மேல உலகத்தோட கவனம் திரும்பிச்சு.

எத்தனை சதவீதம்?

அப்பாவுக்குக் கழுத்துல டாப்ளர் எடுத்தாங்க. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அல்ட்ராசவுண்ட் மாதிரிதான், வலி இல்ல, ஊசி இல்ல. ஜெல்லைத் தடவி கருவியை வெச்சு ரத்தம் போற வேகத்தைப் பார்க்கிறாங்க. ஹோஸ் பைப் நுனியை விரலால அழுத்தினா தண்ணி சீறுமே, அதே மாதிரி சுருங்கின இடத்துல ரத்தம் வேகமா போகும். அந்த வேகத்தை வெச்சு எவ்வளவு சுருங்கியிருக்குன்னு கணக்குப் போடுவாங்க. அப்புறம் சி.டி. ஆஞ்சியோ எடுத்து உறுதி பண்ணாங்க. இடது பக்கம் 80 சதவீதம். எம்.ஆர்.ஐ-ல மூளையின் இடது பக்கத்துல ஒரு சின்னப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது தெரிஞ்சுது.

இந்தச் சதவீதம் ஏன் முக்கியம்னா, வட அமெரிக்காவுல நடந்த ஒரு பெரிய ஆய்வு 1991-ல் வெளிவந்துச்சு. அறிகுறி வந்து, 70 முதல் 99 சதவீதம் வரை சுருக்கம் இருக்கிறவங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. மருந்து மட்டும் எடுத்துக்கிட்டவங்கள்ல ரெண்டு வருஷத்துல 100-க்கு 26 பேருக்கு அந்தப் பக்க ஸ்ட்ரோக் வந்துச்சு. மருந்தோட ஆபரேஷனும் பண்ணிக்கிட்டவங்கள்ல 9 பேருக்கு. அன்னைக்கு இருந்ததைவிட இன்னைக்கு மருந்துகள் நல்லா முன்னேறியிருக்கு. ஆனாலும் அறிகுறியோட கடுமையான சுருக்கம் இருந்தா ஆபரேஷனைப் பத்தி உடனே யோசிக்கிறது இதனாலதான்.

உடனேன்னா எவ்வளவு உடனே? முடிஞ்சவரைக்கும், அறிகுறி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள. ஒரு எச்சரிக்கைக்கு அப்புறம் அடுத்த ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு முதல் சில நாட்கள்லதான் ரொம்ப அதிகம். 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. டி.ஐ.ஏ. அல்லது லேசான ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுத்துக் காக்க வைக்காம உடனே பார்த்து உடனே மருந்து ஆரம்பிச்சப்போ, 90 நாளுக்குள்ள மறுபடி ஸ்ட்ரோக் வர்றது 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்குக் குறைஞ்சுது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கல. இருந்த மருந்துகளையே சீக்கிரம் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

இதைப் படிச்சப்போ எங்க ஒன்பது நாளைத்தான் நினைச்சேன்.

ஒரு ஆச்சரியமான விஷயமும் சொல்லணும். தமனி 100 சதவீதம் அடைச்சிருந்தா பெரும்பாலும் ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. முழுசா மூடின பாதை வழியா இனிமே துணுக்கு போறது குறைவு, திறக்கப் போனா அதுவே ஆபத்தாகலாம். அதனால மருந்துதான்.

கையில ஒரு பொம்மை

ஆறாவது நாள் அப்பாவுக்கு ஆபரேஷன். கழுத்தைத் திறந்து, தமனியை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சு நிறுத்தி, நீளவாக்கில் கீறி, உள்ளே படிஞ்சிருக்கிறதை உரிச்சு எடுத்துட்டு, மேலே ஒரு ஒட்டு வெச்சுத் தைக்கிறாங்க. இன்னொரு வழி, தொடையிலயோ மணிக்கட்டுலயோ இருந்து குழாய் விட்டு ஸ்டென்ட் வைக்கிறது. யாருக்கு எதுங்கிறது வயசு, இதயத்தோட நிலைமை, படிவு இருக்கிற இடம் எல்லாத்தையும் பொறுத்தது. பொதுவா வயசானவங்களுக்கு ஸ்டென்ட்டைவிட ஆபரேஷன்ல ஸ்ட்ரோக் ஆபத்து குறைவு. ரெண்டுலயும் சிகிச்சையாலேயே ஸ்ட்ரோக் வர்ற சின்ன ஆபத்து இருக்கு. அதனால இதை அடிக்கடி செய்யற டீம் கிட்ட போறது நல்லது.

அப்பாவுக்குக் கழுத்தை மட்டும் மரத்துப்போக வெச்சுப் பண்ணாங்க. முழிச்சிருந்தார். வலது கையில ஒரு ரப்பர் பொம்மை, அழுத்தினா கீச்னு கத்துமே, அது. தமனியை நிறுத்தி வெச்சிருக்கும்போது மூளைக்கு வேற பாதையில ரத்தம் போதுமான அளவு போகுதான்னு பார்க்க, "சார், அமுக்குங்க"ன்னு சொல்வாங்களாம், அவர் கீச்சுனு அமுக்கணும். வெளியே வந்ததும் திக்கித் திக்கி அவர் சொன்ன முதல் விஷயமே, "பொம்மை கொடுத்தாங்கம்மா"ங்கிறதுதான்.

நமக்கு என்ன?

சரி, நம்ம வயசுக்கு வருவோம். மாஸ்டர் செக்கப் விளம்பரத்துல இப்போ கரோட்டிட் டாப்ளரையும் சேர்த்துப் போடுறாங்க. எந்த அறிகுறியும் இல்லாத நீங்க போய் இதை எடுக்கணுமா? அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-லும் வேண்டாம்னுதான் சொல்லுது. இல்லாததை இருக்குன்னு காட்டி, தேவையில்லாத ஆபரேஷன் வரைக்கும் இழுத்துட்டுப் போற ஆபத்து, கிடைக்கிற நன்மையைவிட அதிகம். நம்மவங்களுக்கு இன்னொரு விஷயம். இந்தியா உள்பட ஆசிய மக்களுக்கு மண்டைக்குள்ள இருக்கிற தமனிகள்ல சுருக்கம் வர்றது மேற்கத்திய மக்களைவிட அதிகம். கழுத்து ஸ்கேன் நார்மலா வந்தா எல்லாம் நார்மல்னு அர்த்தமில்ல. அந்தக் காசுக்கு ஒரு பிபி மெஷின் வாங்கி வீட்டுல வையுங்க. சிகரெட்டை விடுங்க. அறுபதுல விட்டதை முப்பதுல விட்டிருந்தான்னு நான் அப்பாவைப் பார்த்து அடிக்கடி நினைக்கிறது உண்டு.

இளம் வயசுல கரோட்டிட்ல வர்ற பிரச்சினை வேற ஒண்ணு இருக்கு. தமனியின் உள்சுவர் கிழிஞ்சு, அந்தக் கிழிசலுக்குள்ள ரத்தம் புகுறது. இளம் வயசு ஸ்ட்ரோக்குக்கு இது ஒரு முக்கியமான காரணம். விபத்துல வரலாம், சில பேருக்குக் காரணமே இல்லாம வரலாம், கழுத்தைப் படக்குனு திருப்புறதுக்கு அப்புறமும் வந்திருக்கு. சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தலையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் நெட்டி எடுப்பாங்களே, அதை வேண்டாம்னு சொல்லிடுங்க. கழுத்துல ஒரு பக்கம் திடீர்னு புதுசா வலி, தலைவலி, அந்தப் பக்கத்து இமை தொங்கி கண்மணி சின்னதாகுறது, இப்படி இருந்தா தலகாணி சரியில்லன்னு தூங்கப் போகாம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எந்த வயசா இருந்தாலும் பார்க்க வேண்டியது இதுதான். முகம் ஒரு பக்கம் கோணுதா? ரெண்டு கையையும் தூக்கினா ஒண்ணு இறங்குதா? பேச்சு குழறுதா? ஒரு கண்ணுல பார்வை போச்சா? உடனே 108. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சு வையுங்க, ஏன்னா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவா நாலரை மணி நேரம்தான் கெடு. தண்ணி, சோடா, சர்க்கரை எதுவும் வாயில ஊத்தாதீங்க. நெட்ல படிச்சுட்டு ஆஸ்பிரினும் கொடுக்காதீங்க. அது ரத்தக்கசிவாவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். முக்கியமா, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள சரியாயிட்டாலும் அதைத் திருப்பி அனுப்பாதீங்க. அன்னைக்கே போய்க் காட்டுங்க.

கடைசியா

அப்பா இப்போ நல்லா இருக்கார். ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின், பிபி மாத்திரை. காலையில நடக்கிறார். பேச்சு கிட்டத்தட்ட முழுசா வந்துடுச்சு, அசதியா இருந்தா மட்டும் சில வார்த்தைக்குத் தேடுவார்.

அவர் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும். சொந்தத்துல யார் வீட்டுக் கல்யாணம்னாலும் பத்திரிகைக் கவர்ல பேர் எழுத அவரைத்தான் கூப்பிடுவாங்க. இப்போ எழுத்து கோணுது. போன மாசம் சித்தி பொண்ணு கல்யாணத்துக்குக் கவர் கட்டு வந்துச்சு. நாலு கவர் எழுதிப் பார்த்துட்டு, "நீ எழுதும்மா, நான் பேர் சொல்றேன்"னார். அவர் பேர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பத்தி அவர் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா அந்தக் கை கண்டிப்பா தப்பிச்சிருக்கும்னு நான் சொல்ல முடியாது. தப்பிக்க ஒரு நல்ல வாய்ப்பு இருந்துச்சு. அதை நான் பத்து நிமிஷ மீட்டிங்குக்காக விட்டுட்டேன்.

அதனால இந்த எபிசோட் முடிஞ்சதும் வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க. "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டா "நல்லா இருக்கோம்"னுதான் சொல்வாங்க. அந்த டாக்டர் எங்ககிட்ட கேட்ட கேள்வியைக் கேளுங்க. "சமீபத்துல ஏதாவது வந்துட்டுத் தானா சரியாப் போச்சா?" ஆமான்னு சொன்னா, மீட்டிங்கைத் தள்ளி வெச்சுட்டு மீதியையும் கேளுங்க.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட வர்றேன்.